மத்தியாஸ் காணாத ஆட்டம்

ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் அருளப்பன் மண்டோருக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் விறகு பிளக்கும்போது போனது. போன அன்றைக்கே துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கோடாரியைப் பிடித்தார் என்பது பாலத்தடித் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லிச் சொல்லித் தெரிந்ததுதான். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு யாராவது வராமல் போனால், அவர் நேராக லயத்துக்கே போய் வாசலில் நிற்பார்.

"காய்ச்சலா? யாருக்குத்தான் காய்ச்சல் இல்ல? எந்திரிச்சு நில்லு, எல்லாம் போயிரும்."

படுத்துவிட்டவனுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் அவருடைய அதட்டலில் கொஞ்சம் கருணையும் கலந்திருந்தது. வெட்டுக் காயத்துக்குக் காப்பித்தூள், சுளுக்குக்குத் தைலம், மற்றதற்கெல்லாம் வாயை மூடிக்கொள்வது என்று அந்த லயங்களில் வழக்கம். வலியை வெளியே காட்டினால் வீட்டில் அடுப்பு எரியாது.

மத்தியாஸ் அவருக்கு ஒரே மகன். வாரநாட்களில் கோலா சிலாங்கூரில் சித்தி வீட்டில் தங்கி, அங்கே ஆங்கிலப் பள்ளியில் படித்தான். லயத்திலிருந்து சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் போன முதல் பையன் அவன்தான். பாஸ் செய்ததும் வாத்தியார் பயிற்சிக்கு எழுதிப் போடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்குள் அம்மா ஆரோக்கியமேரி அவனுக்கு இரண்டு வெள்ளைக் கால்சட்டைகள் தைத்து, பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்துவிட்டாள்.

பாகான் நக்கோடா ஓமாரில் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் மத்தியாஸ் லோரிமேல் நிற்பான். கீழேயிருந்து ஆட்கள் தேங்காய்களை வீச, ஒன்றுகூடத் தவறாமல் பிடித்து அடுக்குவான். அந்தக் கைகளைப் பள்ளியில் சிவானந்தம் மாஸ்டர் கண்டுகொண்டார். அவன் நாலாம் பாரம் படிக்கும்போதே காற்பந்தில் கோலியாக நிறுத்திவிட்டார்.

சிவானந்தம் மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். காலையில் வடிவகணிதம், மாலையில் காற்பந்து. கெட்ட மனிதர் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் மத்தியானம் பட்டினியாக இருப்பது தெரிந்தால் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போடுவார். ஆனால் பாடாங் மைதானத்தில் இறங்கிவிட்டால் அவருடைய பேச்சு வேறு. அடிபட்டு வெளியே வந்த பையனோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். தலைமையாசிரியர் வெள்ளைக்காரர். காலைக் கூட்டத்தில், தோள் எலும்பு முறிந்தும் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்த தன் பழைய மாணவன் ஒருவனைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். காட்டில் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த அவசரகாலம் அது. தைரியம் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது.

1954இல் மாவட்டப் பள்ளிகளுக்கான கோப்பையின் கடைசி ஆட்டம் கோலா குபு பாருவில் நடந்தது. போலீஸ் அனுமதியோடு பையன்கள் லோரியில் போனார்கள். ஊரடங்குக்கு முன்னால் திரும்பிவிடவேண்டும் என்பது கண்டிப்பு. மலையடிவாரத்துப் பாடாங். முதல் நாள் பெய்த மழையில் கோலுக்கு முன்னால் சேறாகக் கிடந்தது.

இரண்டாம் பாதியில் இவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். எதிர்க்கட்சியின் முன்னணி ஆட்டக்காரன் தனியாகப் பந்தைக் கொண்டுவந்தான். மத்தியாஸ் ஓடிப்போய் அவன் காலடியில் விழுந்தான். பந்து அவன் கைக்குள் வந்தது. வந்தவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் மோதியது.

அவன் அசையாமல் கிடந்தான். கொஞ்ச நேரந்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சிவானந்தம் மாஸ்டர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து முகத்தில் ஊற்றினார்.

"எழும்பு மத்தியாஸ். ஒண்டுமில்லை, எழும்பு. ஆம்பிளைப் பிள்ளையெல்லோ நீ!"

அவன் எழுந்தான். கைதட்டல் பாடாங்கைச் சுற்றி வந்தது. இரு கட்சியும் தட்டியது. மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே அப்போது இல்லை. ஒருவன் வெளியே போனால் மீதிப் பத்துப் பேர்தான் ஆடவேண்டும். அதுவும் கோலி போனால் ஆட்டமே போனமாதிரி.

மாஸ்டர் திரும்பி நடக்கும்போது மத்தியாஸ் அவரைக் கூப்பிட்டான்.

"சார், எது சார் நம்ம கோல்?"

மாஸ்டர் ஒரு நொடி நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே அவன் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். "உதுதான். பந்தைப் பாத்துக்கொண்டு நில், போதும்."

பக்கத்தில் பின்காப்பு ஆட்டக்காரன் நாராயணசாமி நின்றிருந்தான். அவனும் சிரித்தான். மத்தியாஸ் நகைச்சுவையாகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிர்க்கட்சிக்குப் பெனால்டி கிடைத்தது. பாடாங் மூச்சுவிடாமல் நின்றது. அடித்த பந்தை மத்தியாஸ் பாய்ந்து, இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். அடுத்த நிமிடம் விசில் ஊதியது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நெற்றியில் புடைத்த இடம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் அங்கே காத்துக் கிடந்தால் ஊரடங்குக்குள் ஊர் போய்ச் சேரமுடியாது. தவிர, ஜெயித்த கட்சிக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று யாரோ சொல்ல, எல்லோரும் லோரியில் ஏறினார்கள்.

வழியில் மத்தியாஸ் வாந்தி எடுத்தான். வெயிலில் சர்பத் குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குச் சற்று முன்னால் போலீஸ் சோதனைச் சாவடியில் லோரியை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். மலாய்க் கார்ப்பரல் ஒருவர் வரிசையாக ஐ.சி. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். மத்தியாஸிடம் வந்ததும், எந்தத் தோட்டம் என்று மலாயில் கேட்டார்.

மத்தியாஸ் அவரையே பார்த்தான். பிறகு, ஆட்டம் எப்போது ஆரம்பிக்கிறது என்று அவரைக் கேட்டான்.

கார்ப்பரலுடைய முகம் மாறியது. துப்பாக்கி வைத்திருந்தவன் ஒருவன் பக்கத்தில் வந்தான். அந்த நாளில் ஊர் பேர் சொல்லத் தெரியாமல் நிற்பது சாதாரண விஷயமில்லை. அதற்காகவே உள்ளே போனவர்கள் உண்டு. நாராயணசாமி முன்னால் ஓடிவந்து மலாயில் சொன்னான்.

"பாலத்தடித் தோட்டம் தாங்க! எங்க கோலிங்க. இன்னிக்குப் பெனால்டி பிடிச்சான், அந்த மயக்கம்லா!"

சிவானந்தம் மாஸ்டர் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். கார்ப்பரல் கோப்பையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், சிரித்துவிட்டார். காற்பந்து என்றால் அவருக்கும் உயிர். மத்தியாஸின் முதுகில் தட்டிக் கொடுத்து, லோரியைப் போகச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்து முள்வேலி வாசலில் இறக்கிவிடும்போதும் சிரித்துக்கொண்டேதான் இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியாஸ் கண் விழித்தபோது கோப்பை ஜெயித்த செய்தியை அப்பாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டான். லோரியில் ஏறிக் கோலா குபு பாருவுக்குப் போனது ஞாபகம் இருந்தது. சேற்றைப் பார்த்ததுகூட ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தான். ஆனால் வாசலில் லயமே கூடி நின்றது. தோட்டத்துத் துரை காரை நிறுத்தி இறங்கி அவனுக்குக் கை கொடுத்தார். துரை அந்த லயத்துப் பக்கம் காரைவிட்டு இறங்கியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அருளப்பன் மண்டோர் நாலு விரல் கையை மகன் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடிடா பிடிச்ச?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

தலைவலி நிற்கவில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. தோட்டத்து மருந்தக டிரெசர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். அம்மா கண்ணூறு என்று உப்பு மிளகாய் சுற்றிப்போட்டாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள். அவள்தான், கொஞ்ச நாளைக்கு ஆடாமல் இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தாள்.

"அடிபடாதவன் ஆட்டக்காரனா?" என்றார் அருளப்பன். "ஊரே பேசிக்கிட்டு இருக்கு. இப்ப போய்ப் படுத்துக்கிட்டா என்ன சொல்லுவாங்க?"

அந்த மாதத்துக்குள்ளேயே போலீஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். மத்தியாஸ் கோலில் நின்றான். சாதாரணமாக வந்த பந்து ஒன்று முகத்தில் பட்டது. யாரும் அதை அடி என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் அவன் நின்றவாக்கில் மடிந்து விழுந்தான், கைகால் வெட்டி இழுத்தது. இம்முறை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். பல நாள் இருட்டறையில் படுத்திருந்தான். டாக்டர் இனி ஆட்டமே கூடாது என்றார். படிப்பையும் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள் என்றார். சீனியர் கேம்பிரிட்ஜ் தள்ளிப் போகுமா? பரீட்சை அறையில் எழுத்துகள் எறும்புபோல ஊர்ந்தன. முதல் நாளே பாதியில் எழுந்து வந்துவிட்டான். மறு வருஷமும் எழுதிப் பார்த்தான். கணக்குத் தாளில் ஒரு வரி படித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துபோனது.

அதற்குப் பிறகு ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைவீட்டில் வேலைக்குச் சேர்ந்தான். உள்ளே எப்போதும் மங்கல்தான், கண்ணுக்கு இதமாக இருந்தது. வெள்ளைக் கால்சட்டைகளை அம்மா தன் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் பெனால்டிக் கதை மட்டும் போகவில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் காப்பிக்கடையில் மத்தியாஸ் உட்கார்ந்தால் காப்பி தானாக வரும். கடைக்காரச் சீனன்கூடக் கை இரண்டையும் விரித்துக் காட்டிச் சிரிப்பான். பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். பார்க்காதவர்கள் இன்னும் நன்றாகச் சொன்னார்கள். அருளப்பன் மண்டோர் பாடாங்குக்கே போகவில்லை. ஆனாலும் அவர் சொல்லும்போது பந்து போகும் சத்தமே கேட்கும். மத்தியாஸ் தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். பரீட்சையில் தோற்றவன், மயக்கம் வந்து விழுகிறவன், புகைவீட்டுக்காரன் என்று இருந்தவனுக்கு அந்த ஒரு ஆட்டத்தில்தான் மரியாதை இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு, சில நாட்களில் தனக்கே ஞாபகம் வந்துவிட்டதைப்போல அவனுக்குத் தோன்றும். தனியே உட்கார்ந்து தேடினால் ஒன்றும் இருக்காது.

1957இல் ஜெனவீவைக் கட்டிக்கொண்டான். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. தனக்கு அந்த ஆட்டம் ஞாபகமே இல்லை என்று முதல்முதலாக அவளிடந்தான் சொன்னான்.

"அப்ப ஏன் தலைய ஆட்டுறீங்க?" என்று கேட்டாள் அவள்.

யாருக்கும் நஷ்டமில்லாத விஷயம்தானே என்று சொல்லிப் பார்த்தான்.

இரண்டு வருஷம் கழித்து சிவானந்தம் மாஸ்டர் ஆள் சொல்லியனுப்பினார். பள்ளி மறுபடியும் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தது, இம்முறை கோலா சிலாங்கூரிலேயே. மத்தியாஸ் வந்து பையன்களோடு நிற்கவேண்டும் என்று கேட்டிருந்தார். மத்தியாஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நாராயணசாமியும் வந்திருந்தான். அவன் இப்போது பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவன்.

ஆட்டத்துக்கு முன்னால் மாஸ்டர் பையன்களை வரிசையாக நிறுத்தினார்.

"இவர்தான் மத்தியாஸ். மண்டை உடைஞ்சும் கோலை விட்டுப் போகாத ஆள். நீங்களும் அப்பிடி நிக்கவேணும்."

பையன்கள் அவனைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மத்தியாஸ் வழக்கம்போலத் தலையை ஆட்டினான்.

முருகையா என்று ஒரு பையன், நடுக்காப்பு ஆட்டக்காரன். தோட்டத்துப் பிள்ளைதான், ஒல்லியாக இருந்தான். முதல் பாதியில் உயரமாக வந்த பந்துக்கு அவனும் எதிர்க்கட்சிப் பையனும் சேர்ந்து எம்பினார்கள். இரு தலையும் மோதிய சத்தம் கோட்டுக்கு வெளியே கேட்டது. முருகையா விழுந்தான். எழுந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தான். மாஸ்டர் வாளியோடு ஓடினார்.

மத்தியாஸ் அந்தப் பையனுடைய கண்ணைப் பார்த்தான். அவ்வளவுதான். கால் தானாகக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. போய்ப் பையனுடைய கையைப் பிடித்தான்.

"தம்பி, வெளிய வா."

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. விடுங்க."

"ஒண்ணுமில்லன்னு உனக்குத் தெரியாது. வா, சொல்றேன்."

பையன் கையை உதறிக்கொண்டான். "நீங்க மட்டும் ஆடலயாண்ணே?"

"நான் ஆடல தம்பி. என் கைதான் பிடிச்சிருக்கு. நான் அங்க இல்ல. அந்த ஆட்டத்துல ஒரு பந்துகூட எனக்கு ஞாபகம் இல்ல. மறுநாள் எங்கப்பா சொல்லித்தான் ஜெயிச்சதே தெரியும்."

"மத்தியாஸ், என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" மாஸ்டர் குரலைத் தாழ்த்தி அதட்டினார். "பிள்ளையைக் குழப்பாதை."

"யார்லா அது உள்ள? வெளிய போகச் சொல்லு!" கூட்டம் கத்தியது. நடுவர் விசில் ஊதிக் கையைக் காட்டினார். முருகையா எழுந்து நின்று, நிற்கமுடிகிறது என்று காட்டுவதற்காக இரண்டு தடவை குதித்தான். கைதட்டல் எழுந்தது. மத்தியாஸ் தனியாக வெளியே நடந்து வந்தான். அவனுக்கு யாரும் கை தட்டவில்லை.

பையன் கடைசிவரை ஆடினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சைக்கிளில் பள்ளிக்கு வந்தான், நன்றாகவே இருந்தான். பின்னால் பட்டாளத்திலும் சேர்ந்தான். ஆனால் அன்றைக்குப் பள்ளி ஒரு கோலில் தோற்றது. வெளியாள் ஒருவன் உள்ளே போய்ப் பிள்ளைகளுடைய மனதைக் கலைத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மத்தியாஸின் சொல்லுக்கு மதிப்பு வந்திருக்கும். அப்படி நினைத்ததற்காக மத்தியாஸ் தன்னையே நொந்துகொண்டான். பையன் நன்றாக இருப்பதாகக் கேட்டபோது அவனுக்கு உண்மையாகவே சந்தோஷந்தான்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டர் அவனிடம் வந்தார்.

"உண்மையாகவே ஒண்டும் ஞாபகம் இல்லையோ?"

"இல்ல சார்."

"அப்பவே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"எது நம்ம கோல்னு உங்ககிட்ட கேட்டேனாம் சார். நாராயணசாமி போன வருஷந்தான் சொன்னான்."

மாஸ்டர் குனிந்து, சிதறிக் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் போட ஆரம்பித்தார். மத்தியாஸும் கூடவே எடுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அவர் அவனைக் கூப்பிட்டனுப்பவும் இல்லை.

அவன் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது. அருளப்பன் வெற்றிலை போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். மூச்சு வாங்குவது அந்த வருஷந்தான் அதிகமாகியிருந்தது.

"ஞாபகம் இல்லன்னு சொன்னியாமே, அவ்வளவு பேர் முன்னாடி?"

"ஆமாப்பா. நெசம் அதான்."

"நெசம்." கிழவர் அந்தச் சொல்லைத் துப்புவதுபோலச் சொன்னார். "இந்தத் தோட்டத்துல நான் எத்தன வருஷம்? துரை என் வாசல்ல வந்து நின்னது அன்னிக்கு ஒரு நாளுதான். நமக்குன்னு அது ஒண்ணுதானடா இருந்துச்சு. அதையும் இல்லன்னுட்டு வந்துட்டியே."

மத்தியாஸ் கோபப்படத் தயாராகத்தான் வந்திருந்தான். பரீட்சையைப் பற்றிக் கேட்கவேண்டும், இரண்டாவது ஆட்டத்துக்கு யார் அனுப்பியது என்று கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். அப்பா நாலு விரல் கையை நாற்காலிப் பிடியில் ஊன்றி மூச்சு வாங்குவதைப் பார்த்தபின் ஒன்றையும் கேட்கமுடியவில்லை. உண்மையைத் தாமதமாகச் சொன்னதுதான் தப்பு என்று பட்டது. முதல் நாள் காலையிலேயே, வாசலில் கூட்டம் நின்றபோதே சொல்லியிருந்தால் டாக்டரிடம் கொண்டுபோயிருப்பார்கள். அப்பாவும் இவ்வளவு காலம் அந்தக் கதையில் குடியிருந்திருக்கமாட்டார். இப்போது சொன்னது யாருக்குமே உதவவில்லை.

அதற்குப் பிறகு அருளப்பன் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். காப்பிக்கடைப் பக்கமும் போவதில்லை. மகனிடம் பேசினார், பேரப்பிள்ளையைக் கொஞ்சினார். ஆனால் வீட்டில் காற்பந்து என்ற சொல் எழவில்லை.

1960இல் அவசரகாலம் முடிந்து, லயத்தைச் சுற்றியிருந்த முள்கம்பியைச் சுருட்டி எடுத்துப்போன கொஞ்ச நாளில் கிழவர் இறந்தார். வாசலில் சோதனை இல்லாததால் சுற்றுவட்டாரத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தாராளமாக வந்தார்கள். மத்தியானம் சவப்பெட்டியை மாதா கோயிலுக்குத் தூக்கும் முன்னால், மாமர நிழலில் பழைய ஆட்கள் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடன் ரப்பர் பால்வெட்டு மரத்தில் வேலை செய்த ரெங்கசாமி, மண்டோர் தன் மகனுடைய பெனால்டியை எப்படிச் சொல்வார் என்று எழுந்து நின்று செய்து காட்டினார். கையை விரித்தார், பாய்ந்தார், நெஞ்சோடு அணைத்தார். துக்க வீட்டில் சிரிப்பு எழுந்தது. ஆரோக்கியமேரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பிடித்தானேப்பா பிடிச்ச, மத்தியாஸு?" என்றார் ரெங்கசாமி.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஜெனவீவும் கதவோரத்திலிருந்து பார்த்தாள்.

"ஆமா மாமா," என்றான் மத்தியாஸ். "அப்பிடித்தான்."

பிறகு உள்ளே போய், பெட்டியின் தலைமாட்டைத் தூக்குவதற்குக் குனிந்தான்.